மதுரையில் கட்டுபடியாகும் வாடகை வீடு: முதலில் மீட்டர் பெட்டியைப் பாருங்கள்

மதுரையில் வீடு தேடி வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்தப் பக்கம் வாடகை கம்மி?" என்றுதான். மாதம் மொத்தமாகக் கையை விட்டு எவ்வளவு போகும் என்று யாரும் கேட்பதில்லை. வாடகை என்பது அதில் ஒரு பங்குதான். கரண்ட், தண்ணீர், வேலைக்குப் போய்வரும் செலவு மூன்றையும் சேர்த்தால்தான் ஒரு வீடு நமக்குக் கட்டுபடியாகுமா என்பது தெரியும்.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீடு வீடாக ரீடிங் எடுக்கும் வேலை. வில்லாபுரம், ஜெய்ஹிந்த்புரம், கோ.புதூர், செல்லூர், ஆனையூர் என்று நான் நிற்காத வாசல் குறைவு. எந்த வீட்டில் குடித்தனக்காரர்கள் ஊன்றி இருக்கிறார்கள், எந்த வீட்டில் அடுத்த ரீடிங்குக்குள் ஆள் மாறிவிடுகிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். எனக்குச் சொந்த வீடு கிடையாது. இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வீடு இருக்கிறது. ஒன்று மூன்றாவது மாடி, வாடகை 6,500. இன்னொன்று தரைத்தளம், 7,500. ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று மாடி வீட்டைப் பிடிக்கத்தான் மனம் போகும். மாடி வீட்டில் ஓனர் தானே மாட்டின சப்-மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குடும்பம் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரித்தால் 1,800 ரூபாய். தரைத்தள வீட்டில் தனி மின் இணைப்பு. அதே 200 யூனிட்டில் முதல் 100 யூனிட் அரசு கொடுக்கும் இலவசம், மீதி நூறுக்கு மிகக் குறைந்த அடுக்கின் கட்டணம்தான். முந்நூறு ரூபாயைத் தாண்டாது. இரண்டு மாதத்துக்கு 1,500 வித்தியாசம் என்றால் மாதத்துக்கு 750. அப்புறம் மாடி வீட்டில் உப்புத் தண்ணீர், குடிக்கக் கேன் வாங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கேன், 35 ரூபாய் என்றாலும் மாதம் 525. இப்போது எந்த வீடு மலிவு?

மீட்டர் பெட்டியில் என்ன பார்க்க வேண்டும்

வீட்டைப் பார்க்கப் போனதும் ஹாலையும் சமையலறையையும் பார்ப்பதற்கு முன்னால் மீட்டர் பெட்டி எங்கே என்று கேளுங்கள். வாரியத்தின் மீட்டரில் சீல் இருக்கும், பக்கத்தில் இணைப்பு எண் எழுதியிருக்கும். அந்த எண் உங்கள் போர்ஷனுக்கு மட்டுமானதா, முழு வீட்டுக்குமானதா என்பதுதான் கேள்வி. கீழே எலெக்ட்ரிகல் கடையில் வாங்கின சின்ன மீட்டர்கள் வரிசையாக மாட்டியிருந்தால் அவை ஓனர் தன் வசதிக்கு வைத்தவை, வாரியத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

இதில் நஷ்டம் எப்படி வருகிறதென்றால், இலவச 100 யூனிட் என்பது இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. மூன்று குடும்பம் தனித்தனி இணைப்பில் இருந்தால் மொத்தம் 300 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் இருந்தால் நூறுதான். மேலும், மூன்று வீட்டு ரீடிங்கும் ஒரே மீட்டரில் கூடிக்கொண்டே போய் 500-ஐத் தாண்டிவிட்டால் கட்டண விகிதமே மாறி மேலே போய்விடும். ஓனர் 9 ரூபாய் கேட்பதில் பேராசை மட்டும்தான் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அவருக்கு வரும் பில்லும் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சுமை உங்கள் தலையில் விழ வேண்டிய அவசியமில்லை.

தனி இணைப்பு என்றாலும் சும்மா விடாதீர்கள். இணைப்பு எண்ணை வாங்கி, வாரியத்தின் இணையதளத்தில் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். மதுரை வட்டார எண்கள் 05 என்று தொடங்கும். முன்பு இருந்தவர் பில் கட்டாமல் போயிருந்தால் ஃபியூஸ் பிடுங்கப்படுவது உங்கள் வீட்டில்தான். இணைப்புக்குத்தான் பாக்கி, ஆளுக்கில்லை. முந்தைய சில மாத பில்களைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. அதிலிருந்து அந்த வீடு எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்பதும் தெரிந்துபோகும்.

எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவரின் மகனுக்குக் கல்யாணம் ஆன புதிதில் வீடு பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனான். டவுன்ஹால் ரோட்டில் செல்போன் கடையில் வேலை. வீடு ஆனையூர்ப் பக்கம். ஓனரம்மா நல்ல மனுஷி, மோர் கொடுத்து உட்காரவைத்தார்.

"தண்ணிக்கு இங்க பஞ்சமே கிடையாதுண்ணே. போர்ல எப்ப தொறந்தாலும் வரும்."

நான் குளியலறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். குழாயின் வாய் சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்திருந்தது. ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் வாளியின் உள்பக்கம் தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும் வெள்ளைக் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தது.

"குடிக்க என்னம்மா பண்றீங்க?"

"கேன்தாண்ணே. தெருவே கேன்தான்."

மீட்டர் பெட்டியில் வாரியத்து மீட்டர் ஒன்று, கீழே சின்னது மூன்று. யூனிட் ஒன்பது, மோட்டார் கரண்ட் தனியாகப் பிரித்துக்கொள்வோம் என்றார். "தனி சர்வீஸ் எடுத்துக் கொடுங்களேம்மா. அதுக்கு ஆகிற பணத்தைத் தம்பி இப்பப் போடட்டும், வாடகையில கழிச்சுக்குங்க" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சர்வீஸெல்லாம் இப்ப முடியாதுண்ணே. யூனிட் ஏழு ரூபா போட்டுக்கிறேன், மோட்டார் என் பொறுப்பு" என்றார். அந்த வீட்டை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கேட்டதால் கிடைத்தது. வாடகையில் இருநூறு முந்நூறு குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பதைவிட, யூனிட் விலையையும் மோட்டார் செலவையும் பேசுவது எளிது. ஓனர்களுக்கு வாடகைத் தொகை என்பது மானப் பிரச்சினை, அடுத்த குடித்தனக்காரர் காதிலும் விழும். மற்றதில் இறங்கி வருவார்கள்.

தண்ணீரும் வெயிலும்

போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவிப் பாருங்கள். நுரையே வராவிட்டால் கடுமையான உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, வெள்ளைத் துணி நாள்பட நாள்பட மங்கிவிடும். கார்ப்பரேஷன் குழாய் இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை விடுகிறார்கள், எத்தனை மணிக்கு, தொட்டியில் ஏற்றிக்கொள்ள முடியுமா, குடத்தில்தான் பிடிக்க வேண்டுமா என்பதை ஓனரிடம் கேட்பதைவிட எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டால் ஒழுங்கான பதில் வரும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு என்றால், காலை பத்து மணிக்குத் தண்ணீர் விடும் தெரு உங்களுக்கு ஆகாது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

வீட்டைக் காலையிலோ மாலையிலோ பார்க்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் போங்கள். மதுரை வெயிலுக்கு மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீடு ராத்திரி பத்து மணிக்கும் அனலடிக்கும். மாடிக்கு ஏறித் தட்டோடு பதித்திருக்கிறார்களா, வெறும் கான்கிரீட்டா என்று பாருங்கள். மேற்குச் சுவர் வெயிலை நேராக வாங்குகிறதா, பக்கத்து வீடு மறைக்கிறதா என்றும் பாருங்கள். படுக்கையறை மேற்கே இருந்தால் ஏசி இல்லாமல் சித்திரை, வைகாசி தள்ள முடியாது. ஏசி போட்டால் அந்த 500 யூனிட் கோட்டை வெகு சீக்கிரம் தொட்டுவிடுவீர்கள். கைக்குழந்தையோ வயசானவர்களோ இருக்கும் குடும்பம் என்றால், கொஞ்சம் கூடக் கொடுத்தாவது நடு மாடியில் பிடியுங்கள் என்றுதான் சொல்வேன்.

மழைக்காலத்தையும் கேட்க வேண்டும். மதுரையைச் சுற்றிக் கண்மாய்களும் வாய்க்கால்களும்தான். செல்லூர்க் கண்மாய், வண்டியூர்க் கண்மாய், மாடக்குளம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நீர்வழி உண்டு. 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்காலை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை ஊரே பார்த்தது. தாழ்வான தெருவில் தரைத்தள வீடு மலிவாகக் கிடைக்கிறதென்றால், ஐப்பசி கார்த்திகையில் எது வரைக்கும் தண்ணீர் நின்றது என்று தெருமுனைப் பலசரக்குக் கடையில் கேளுங்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

எந்தப் பக்கம் தேடுவது

இதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கே.கே.நகர், அண்ணா நகர், எஸ்.எஸ்.காலனி எல்லாம் வசதியான இடங்கள், வாடகையும் அதற்கேற்றபடி இருக்கும். செலவைக் கட்டுக்குள் வைக்க வேண்டுமென்றால் திருநகர், திருப்பரங்குன்றம், அவனியாபுரம், விளாங்குடி, கூடல் நகர், ஆனையூர், ஒத்தக்கடை என்று வெளிவட்டத்தில் தேடலாம். மாசி வீதிகளையும் வெளி வீதிகளையும் ஒட்டிய பழைய காம்பவுண்டு வீடுகளும் உண்டு. சுவர் கனமாக இருப்பதால் உள்ளே வெக்கை குறைவு, எல்லாவற்றுக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் கழிப்பறை பொதுவாக இருக்கலாம், பைக் நிறுத்த இடம் இருக்காது. இரண்டையும் நேரில் பார்த்துத் தெளிந்துகொண்டுதான் போக வேண்டும்.

வீட்டில் வேலைக்குப் போகிற பெண்கள் இருந்தால் ஒரு விஷயத்தைக் கணக்கில் சேருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருநகரிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கோ, ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணிக்கோ தினம் போய்வரும் பெண்ணுக்கு அந்தத் தூரம் செலவே இல்லை. ஆகவே பைக்கில் போகிறவரின் வேலையிடத்துக்குப் பக்கத்தில் வீடு, பஸ்ஸில் போகிறவருக்கு நடக்கும் தூரத்தில் நிறுத்தம். இப்படிப் பிரித்து யோசித்தால் பெட்ரோல் காசு மிஞ்சும். சித்திரைத் திருவிழா நாட்களில் மட்டும் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டியை எடுக்க முடியாது. அழகர் வாசலுக்கே வருகிறபோது அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை.

புரோக்கரிடம் போவதற்கு முன்னால் கால்நடையாக ஒரு சுற்று வாருங்கள். டூ-லெட் போர்டு மாட்டாத காலி வீடுகள்தான் ஊரில் அதிகம். தெரிந்தவர் மூலமாக வருகிறவருக்குத்தான் கொடுப்பேன் என்று ஓனர்கள் காத்திருப்பார்கள். டீக்கடை, இஸ்திரிக் கடை, கேன் போடும் தம்பி, பால் ஊற்றுபவர் இவர்களுக்குத் தெரியாத காலி வீடு கிடையாது. புரோக்கர் வழியாகத்தான் என்றால், பொதுவாக ஒரு மாத வாடகை கமிஷன் கேட்பார்கள். வீடு முடிந்த பிறகு மட்டும் கொடுங்கள். வீட்டைக் கண்ணால் பார்க்காமல், ஓனரை நேரில் பார்க்காமல், "டோக்கன் அட்வான்ஸ் ஜிபே பண்ணிருங்க" என்று யார் சொன்னாலும் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வீடு கேட்டுப் போனால், "சைவமா, அசைவமா?" என்று ஆரம்பித்து, சொந்த ஊர், கும்பிடும் சாமி என்று சுற்றிவளைத்துச் சாதியைத் தெரிந்துகொள்ளப் பார்ப்பவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மதத்தைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்துபவர்களும் உண்டு. நல்ல வேலையில் இருக்கும் பிள்ளைகள் வாடிய முகத்தோடு திரும்பி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும். வீட்டுக்காக உங்களை மறைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். தினம் தினம் பயந்துகொண்டே சமைக்கிற அடுப்பங்கரை நமக்கு வேண்டாம். அப்படிக் கேட்காத ஓனர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அரசு ஊழியர் குடியிருப்புகளை ஒட்டிய தெருக்களிலும், பல ஊர்க்காரர்கள் கலந்து இருக்கும் புது நகர்களிலும் தேடுங்கள்.

அட்வான்ஸும் அக்ரிமென்டும்

ஐந்து மாதம், பத்து மாதம் அட்வான்ஸ் கேட்பது பழக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு விதமாக இருவரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த பிறகு, பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். இதைச் சண்டைக்கு இழுக்கிற மாதிரி சொல்ல வேண்டியதில்லை. "மூணு மாசம்னு சட்டத்துலயே இருக்குதாமேண்ணே" என்று மெதுவாகப் பேச்சில் விடுங்கள், பத்து என்பது ஐந்துக்காவது இறங்கும்.

அக்ரிமென்டில் வாடகை, அட்வான்ஸ் மட்டும் எழுதிவிட்டு மற்றதை வாய்ப்பேச்சில் விடுவதுதான் பின்னால் மனக்கசப்பைக் கொண்டுவருகிறது. யூனிட் விலை எவ்வளவு, மோட்டார் ரிப்பேர் யார் செலவு, வருஷத்துக்கு வாடகை எவ்வளவு ஏறும், காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் தாளில் இருக்கட்டும். வெள்ளையடிக்க என்று கடைசியில் ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். அதை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்றால், குடிபோகும்போதும் புதிதாக வெள்ளையடித்துத் தர வேண்டும் என்று கேளுங்கள். வாடகையை வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். கையில்தான் வேண்டும் என்பவரிடம் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். சாவி வாங்கும் அன்றைக்கு மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால் முதல் பில்லில் முன்பு இருந்தவர் எரித்ததும் சேர்ந்து வரும்.

ஒத்திக்குப் போகலாமா

மதுரையில் இதைப் பற்றிப் பேசாமல் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து வாடகை இல்லாமல் இருந்துவிட்டு, போகும்போது முழுத் தொகையையும் வாங்கிக்கொள்வது. கையில் சும்மா கிடக்கும் பணம் இருந்தால் இது லாபம்தான். ஐந்து லட்சத்தை வங்கியில் ஏழு சதவீதத்துக்குப் போட்டால் வருஷம் 35,000, மாதம் மூவாயிரத்துக்கும் குறைவு. அதற்கு 7,500 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கலாம் என்றால் யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் நகையை அடகு வைத்தோ வெளியில் வட்டிக்கு வாங்கியோ ஒத்திக்குப் போகாதீர்கள். இரண்டு வட்டிக்கு ஐந்து லட்சம் என்றால் மாதம் பத்தாயிரம் வட்டியே போய்விடும். வாடகையைவிட அது அதிகம். இந்தச் சின்னக் கணக்கைப் போடாமல் தாலிச் சங்கிலி வரைக்கும் அடகுக்கு அனுப்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சொந்தப் பணம்தான் என்றாலும், அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், அசல் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் வங்கியில் இருக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (வீட்டின் மேல் கடன், அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டுவது) போட்டுப் பாருங்கள், வங்கிக்கு ஆவணம் ஒப்படைத்திருந்தால் அது பதிவாகியிருக்கக் கூடும். ஓனர் கடனைக் கட்டாமல் வங்கி வீட்டை எடுத்தால், பின்னால் வந்த உங்கள் பணத்துக்கு முதலிடம் கிடையாது. ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி இரண்டு சாட்சி போட்டால் போதும் என்பார்கள், செலவு மிச்சம் என்பார்கள். ஐந்து லட்சத்துக்கு அது போதாது. அதோடு, காலி செய்யும்போது "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்பதுதான் வழக்கமான பதில். அதனால் எத்தனை மாதத்துக்குள் பணம் தர வேண்டும், தராவிட்டால் அது வரைக்கும் நீங்கள் அங்கேயே இருக்கலாம் என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ குறிப்பிட்ட தேதியில் தேவைப்படும் பணத்தை ஒத்தியில் போடவே வேண்டாம்.

எப்போது தேடுவது

பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால், ஏப்ரல் மே மாதங்களில், ஊரே வீடு மாறும். அப்போது பேரம் பேச வழியில்லை. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், காலியான வீடு சும்மாதான் கிடக்கும். ஆடி பிறந்ததும் தேட ஆரம்பியுங்கள். நிதானமாகப் பத்து வீடு பார்க்கலாம், ஓனரும் நின்று பேசுவார். பிடித்த வீட்டுக்குச் சின்னதாக ஒரு தொகையைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, "ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சுறோம், வாடகை அன்னைக்கிலிருந்து போட்டுக்கலாமா?" என்று கேளுங்கள். எப்படியும் அதற்கு முன்னால் வேறு ஆள் வரப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். அந்த இடைவெளியிலேயே குழாய் வாஷர், ஒழுகும் சிங்க், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் அவர் செலவில் சரிசெய்யச் சொல்லிவிடுங்கள். சாமான்களை இறக்கிய பிறகு சொன்னால் "பார்க்கலாம் தம்பி" என்றுதான் பதில் வரும்.